எனக்குத் தெரியாது, தம்பி!

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில், பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. செய்கிற ஒரு பெண், மாதத்தில் இரண்டு நாள் அந்தப் பள்ளிக்குப் போய் அறிவியல் வகுப்பில் கூட நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு கட்டுரைக்கு ஆகுமே என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி, வயல் மண்ணில் வாழும் பூஞ்சைகள் பற்றியது. அன்றைக்கு வகுப்பில் ஓடிக்கொண்டிருந்ததோ ஒளியியல். அறிவியல் சார் ஏற்கெனவே நடத்தி முடித்து, டெஸ்ட்டும் வைத்துவிட்ட பாடம். 'வானம் ஏன் நீல நிறமாகத் தெரிகிறது?' என்று கேட்டதும் பசங்கள் கோரஸாக ஒப்பித்தார்கள். சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுகிறது. அலைநீளம் குறைந்த நிறம் அதிகமாகச் சிதறும். நீலத்துக்கு அலைநீளம் குறைவு. ஆகவே வானம் நீலம். இரண்டு மார்க் நிச்சயம்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்தான். ''அக்கா, நீலத்தைவிட ஊதாவுக்குத்தானே அலைநீளம் கம்மி? அப்படின்னா வானம் ஊதாவாத்தானே இருக்கணும்?''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பதை நெருங்குகிறேன். இத்தனை வருடமாக அண்ணாந்து பார்க்கிற வானம்தான். ஒரு நாள்கூட இது தோன்றியதில்லை.

''உக்கார்றா... அது சிலபஸ்ல இல்ல'' என்றார் ஓரத்தில் நின்றிருந்த சார். அதட்டலாக இல்லை, சங்கடமாகத்தான் சொன்னார். அந்தப் பெண் கையில் சாக்பீஸோடு ஒரு அரை நிமிஷம் நின்றார். வகுப்பறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

''ரொம்ப நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது, தம்பி.''

பின்னால் ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் பக்கத்தில் இருப்பவனிடம், ''அக்காவுக்கே தெரியலடா'' என்றான். அந்தக் குரலில் கேலி இல்லை. கோயில் யானை தன்னைப் பார்த்துத் தும்பிக்கையை ஆட்டிவிட்டது போன்ற ஒரு சந்தோஷம். அந்தப் பெண் அதோடு விடவில்லை. ''சரி, எனக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம்? எங்கெங்க தப்பு நடந்திருக்கலாம்னு ஆளுக்கொண்ணு சொல்லுங்க'' என்றார்.

பத்து நிமிஷத்தில் போர்டில் மூன்று யூகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, சூரியனிலிருந்து கிளம்பும்போதே ஊதா கம்மியாக இருக்கலாம். இரண்டு, வருகிற வழியில் எங்கேயோ ஊதா காணாமல் போகலாம். மூன்றாவது, ஒரு குட்டிப் பெண் சொன்னது: ''அக்கா, வானம் ஊதாவாத்தான் இருக்கோ என்னவோ... நம்ம கண்ணுக்குத்தான் தெரியலையோ?''

மணி அடித்துவிட்டது.

* * *

வெளியே வந்ததும் எனக்குள் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. அன்றைக்கு அந்தப் பெண் வகுப்புக்குக் கொடுத்தது என்ன? அறிவு இல்லை. அவரிடம் பதிலே இல்லை. ஆனாலும் பசங்கள் ஏதோ கிடைத்த முகத்தோடுதான் வெளியே ஓடினார்கள். ஒரு மனிதர் தன்னிடம் இல்லாத ஒன்றை எப்படிக் கொடுக்க முடியும்?

பல்கலைக்கழகங்களில் இருக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களைப் பள்ளிகளோடு இணைக்க வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். விஷயம் தெரிந்தவர்கள், விஷயம் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் கணக்கு. கிணற்றில் இருக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிற கணக்கு. அந்த வகுப்பறையில் நான் பார்த்தது அந்தக் கணக்குக்கு நேர் எதிரானது. பள்ளிக்கூடத்தில் 'தெரிந்தது'க்குப் பஞ்சமே இல்லை. புத்தகம் முழுக்க, நோட்ஸ் முழுக்க, செல்போன் முழுக்கத் தெரிந்ததுதான். அங்கே இல்லாத சரக்கு 'தெரியாது' என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஆராய்ச்சி மாணவருக்குத் தினசரிப் பிழைப்பே தெரியாததோடுதான். தெரிந்துவிட்டால் அது ஆராய்ச்சி இல்லையே! அந்தப் பெண்ணின் பூஞ்சைகள் ஏன் ஒரு வயலில் செழிக்கின்றன, பக்கத்து வயலில் ஏன் செத்துப் போகின்றன என்று மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார். அதே மாதிரிதான் குழந்தையும். கண்ணைத் திறந்தால் புரியாதது, கையை நீட்டினால் புரியாதது. ஆக, தெரியாமையில் வசிக்கிற இரண்டு ஜாதி மனிதர்கள் உலகத்தில் உண்டு: குழந்தைகள், ஆராய்ச்சியாளர்கள். இவர்களுக்கு நடுவில், 'எல்லாம் தெரியும்' என்று காட்டிக்கொண்டே தீர வேண்டிய கட்டாயத்தில் நிற்கிறவர்கள்தான் நாமெல்லாம். பெற்றோர், ஆசிரியர், அதிகாரி, என்னைப் போன்ற பத்தி எழுத்தாளர்.

இதில் நான் ஆசிரியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஒன்பதாம் வகுப்பில், காந்தத்தை இரண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் வடக்கு தெற்கு இரண்டும் எப்படி வருகிறது என்று கேட்டேன். ''அது அப்படித்தான்'' என்றார் சார். மறுபடி கேட்டேன். ''அதிகப்பிரசங்கி'' என்றார். ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்து, பி.காம். முடித்து, பத்திரிகைக்கு வந்துவிட்டேன். டெபிட்டையும் கிரெடிட்டையும் எத்தனை துண்டாக உடைத்தாலும் அவை அப்படியேதான் இருக்கும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நிம்மதி!

இப்போது நினைத்தால் அந்த சார் மீது கோபம் வரவில்லை. அறுபது பேர் வகுப்பு. டிசம்பருக்குள் போர்ஷனை முடிக்க வேண்டும். 'சாருக்கே தெரியலை' என்று ஒரு முறை பேர் வாங்கிவிட்டால், அடுத்த நாளிலிருந்து கடைசி பெஞ்ச் விசிலடிக்கும். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுக் கேட்பார். 'வாத்தியாருக்கே ஒண்ணும் தெரியல, நம்ம பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பு' என்பார்கள் பெற்றோர். கற்றது கொஞ்சம், கல்லாதது ஏராளம் என்று ஔவையாரின் பேரில் ஆண்டு விழா மேடையில் முழங்குவோம். அதையே ஒரு ஆசிரியர் வகுப்பில் சொன்னால் தாங்க மாட்டோம். தெரியாது என்று சொல்கிற உரிமையை நாம் அவருக்குக் கொடுத்ததே இல்லை. கொடுக்காத உரிமையை ஏன் பயன்படுத்தவில்லை என்று எப்படிக் கேட்பது?

* * *

இந்த இணைப்பு யோசனை ஒன்றும் புதிதில்லை. இந்தியாவில் இதை முப்பது வருடம் செய்து பார்த்த ஒரு மாவட்டம் உண்டு. நர்மதை ஆற்றங்கரையில் இருக்கும் ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசம். 2022-லிருந்து நர்மதாபுரம் என்று பெயர்.

அனில் சத்கோபால் என்று ஒரு விஞ்ஞானி. அமெரிக்காவில் கால்டெக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சியில் இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து 'கிஷோர் பாரதி' என்ற அமைப்பை ஆரம்பித்தார். ரசூலியாவில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த 'ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர்' கைகோத்தது. 1972-ல், மாநில அரசின் அனுமதியோடு, 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் வேலை தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியலைச் செய்து பார்த்தே படிப்பது. இதுதான் திட்டம்.

மும்பையிலிருந்து டாடா நிலையத்தின் விஞ்ஞானிகள் வந்தார்கள். டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்து இளம் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் ரயிலேறி வந்தார்கள். வந்தவர்கள் சொற்பொழிவு ஆற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பவில்லை. கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களில் கிராமத்து ஆசிரியர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்தார்கள். பள்ளி திறந்த பிறகு வகுப்புக்கே போய்ப் பார்த்தார்கள். மாதம் ஒரு முறை ஆசிரியர்கள் கூடி, 'இந்தச் சோதனை என் வகுப்பில் வரவில்லை', 'இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை' என்று பேசுவதற்கென்றே கூட்டங்கள் நடந்தன.

அந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள். 'எனக்கு விடை தெரியவில்லை' என்று ஆசிரியர்கள் சொல்வதற்கென்றே கூட்டம்! டெல்லியிலிருந்து வந்த பெரிய படிப்பாளிகளே கிராமத்து வாத்தியார் கேட்ட கேள்விக்குத் தலையைச் சொறிந்தபோதுதான், வாத்தியாருக்கும் தன் பையன் கேட்கிற கேள்விக்குத் தலையைச் சொறிகிற தைரியம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

'பால் வைக்யானிக்' என்று அவர்கள் போட்ட பாடப் புத்தகம் ஒரு வினோதம். அதில் கேள்விகள் இருந்தன, செய்முறை இருந்தது, விடை இல்லை. நாலு நாலு பேராக உட்கார்ந்து செய்து பார்த்து, என்ன பார்த்தோமோ அதை எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டே போகலாம். விடையே இல்லாத புத்தகத்தில் எதைப் பார்த்துக் காப்பியடிப்பது? கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் சொன்ன குறைகளை வைத்துப் பாடங்களைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரை உண்டாக்கி, பிள்ளைகள் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் அவருக்குக் கடிதம் எழுதலாம் என்றார்கள். கடிதங்கள் குவிந்தன.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் என்ஜினீயராக இருந்த அரவிந்த் குப்தா, 1978-ல் அங்கே போனார். பணக்காரக் கருவிகள் எதுவும் இல்லாத ஊர். சைக்கிள் வால்வு டியூபை நறுக்கி, தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணமும் கனசதுரமும் செய்ய ஆரம்பித்தார். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்து, இந்தியா முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேர்ந்த அந்த மனிதர் உருவானது அங்கேதான். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடுக்கப் போனவர் வாங்கிக்கொண்டு திரும்பிய கதை இது.

1978-ல் திட்டம் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் இதை எடுத்து நடத்த 'ஏகலவ்யா' என்ற நிறுவனம் பிறந்தது. பதினைந்து மாவட்டங்களில் சுமார் ஆயிரம் பள்ளிகள் வரை போனது. 2002-ல் மாநில அரசு ஒரு ஆணை போட்டு நிறுத்திவிட்டது. மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டம் இருக்க வேண்டும், இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பின்தங்கிவிடுவார்கள் என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. நாட்டின் பல விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். பலனில்லை.

முப்பது வருடம் ஓடிய ஒன்று ஒரு காகிதத்தில் நின்றுபோனது எப்படி? பள்ளிக்கு உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாமையின் ருசி தெரிந்துவிட்டது. வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. விடை இல்லாத புத்தகத்தைப் பார்த்த ஒரு அப்பாவுக்கு என்ன தோன்றும்? 'என் பிள்ளைக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையே' என்றுதான் தோன்றும். அவர் மீதும் தப்பில்லை. அவருடைய பிள்ளை நாளைக்கு எழுதப் போகும் போட்டித் தேர்வில் 'தெரியாது, ஆனால் கண்டுபிடிக்கலாம்' என்று ஒரு நாலாவது ஆப்ஷன் கிடையாது.

ஆனாலும் விதை முழுசாகச் சாகவில்லை. இந்தத் திட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தோள்கொடுத்த இயற்பியலாளர் யஷ்பால்தான், 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வரைவுக் குழுவின் தலைவர். மனப்பாடத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று அந்த ஆவணம் நாடு முழுவதற்கும் சொன்னதில், நர்மதைக் கரை மண்ணின் வாசனை உண்டு.

* * *

சரி, தர்ம நியாயத்துக்கு வருவோம். ஒரு இளம் ஆராய்ச்சியாளர் எதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்? அது அவர் செய்கிற உபகாரமா? அவர் திருப்பித் தர வேண்டிய கடனா?

காமர்ஸ் படித்தவனுக்குக் கடன் என்றால் கை பரபரக்கும். கணக்கைப் பாருங்கள். யு.ஜி.சி., சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் ஜெயித்து ஜே.ஆர்.எஃப். வாங்குகிற மாணவருக்கு, 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். யாருடைய பணம்? ஊதா வானம் கேட்ட பையனின் அப்பா சோப்பு வாங்கும்போதும் சிமென்ட் வாங்கும்போதும் கட்டிய வரி. அந்தப் பையன் பல்கலைக்கழக வாசலை மிதிப்பானா என்றுகூட நிச்சயமில்லை. ஆனால் அங்கே ஓடுகிற ஃப்ரீசருக்குக் கரன்ட் பில் கட்டுகிறவர்களில் அவன் குடும்பமும் ஒன்று. அப்படியானால் அது கடன்தான். முடிந்தது கணக்கு.

முடியவில்லை. இதே வாதத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சிரித்தார். ''சார், எனக்கு ஃபெலோஷிப் கிடையாது. அம்மா தையல் மெஷின்ல சம்பாதிக்கிறதுல ஓடுது. இங்க வர்ற பஸ் காசும் என்னுதுதான்'' என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

நியாயம் பேசுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது. கடனை வசூலிக்கக் கிளம்பினால், கைக்கு எட்டுகிற ஏழைக் கடன்காரனின் கதவைத்தான் முதலில் தட்டுவோம். அரசுக் கல்லூரியில் சொற்ப ஃபீஸ் கட்டிப் படித்துவிட்டு இன்றைக்கு வசதியாக இருக்கிற எத்தனையோ பேர் உண்டு, இந்தப் பத்தியை எழுதுகிறவன் உட்பட. எங்களிடம் யாரும் கேட்பதில்லை. கைடு கையெழுத்துக்காகக் காத்திருக்கிற, முப்பது வயது நெருங்கியும் வேலை நிச்சயமில்லாத, 'இன்னும் படிச்சுக்கிட்டேவா இருக்கே?' என்று சொந்தக்காரர்களிடம் கேள்வி வாங்குகிற ஒரு பெண்ணிடம் போய் 'சமூகத்துக்குத் திருப்பிக் கொடு' என்பது நியாயமே இல்லை.

அதனால் என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். கடன் இருப்பது பல்கலைக்கழகத்தின் பேரில். அடைக்க வேண்டியதும் அதுதான். அந்தப் பெண் பள்ளியில் செலவிடுகிற மணி நேரங்களை ஆராய்ச்சிப் பயிற்சியின் ஒரு பகுதியாக எழுத்தில் ஏற்கட்டும். பஸ் காசு கொடுக்கட்டும். 'ஸ்கூலுக்குப் போய் நேரத்தை வீணடிக்கிறாள்' என்று கைடு முகம் சுளிக்காமல் இருக்கட்டும்.

முகம் சுளிக்கிற கைடுகளுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, வாரத்தில் சில மணி நேரம் பள்ளி வகுப்பறைகளுக்கு அனுப்புவது. பத்துப் பன்னிரண்டு வருடம் நடத்திவிட்டு அவர்களும் மூடிவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் 2011-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 95 ஆராய்ச்சி மாணவர்களைக் கல்வியாண்டின் ஆரம்பத்திலும் முடிவிலும் ஆராய்ச்சித் திட்டம் எழுதச் சொல்லி ஒப்பிட்டார்கள். ஆராய்ச்சி மட்டும் செய்தவர்களைவிட, ஆராய்ச்சியோடு பாடமும் சொல்லிக் கொடுத்தவர்கள், சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோளை உருவாக்குவதிலும் சோதனையை ஒழுங்காக வடிவமைப்பதிலும் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லாரும் ஒரே பாஷை பேசுகிறார்கள். 'இது எதுக்கு?' என்று யாரும் கேட்பதில்லை. பதினாலு வயசுப் பிள்ளை கேட்கும். அக்கா, பூஞ்சைன்னா காளானா? அப்ப சாப்பிடலாமா? அது செத்துப் போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய், தன் சோதனையில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்ததாக அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னார். ஆகவே இது உபகாரமும் இல்லை, வெறும் கடனும் இல்லை. இரண்டு பக்கமும் பற்று, இரண்டு பக்கமும் வரவு.

* * *

இன்றைக்கு வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன. 2017 ஜூலையில் சி.எஸ்.ஐ.ஆர். 'ஜிக்யாசா' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. தனது 38 ஆய்வகங்களை 1,151 கேந்திரிய வித்யாலயாக்களோடு இணைப்பதாக அறிவித்தது. சென்னையின் தோல் ஆராய்ச்சி நிலையமும் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' வழியாக, அறிவியல் படித்த இளைஞர்கள் சோதனைப் பொருட்களைச் சுமந்துகொண்டு அரசுப் பள்ளிகளின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். நல்ல விஷயங்கள். சும்மா சொல்லக் கூடாது.

எனக்கு இருக்கிற பயம் ஒன்றுதான். எத்தனை பள்ளி, எத்தனை மாணவர் என்று எண்ணுவது சுலபம். எண்ண முடிந்ததைத்தான் நாம் சாதனை என்போம். அப்புறம் ஒரு பிரார்த்தனைக் கூட்டம், ஒரு பொன்னாடை, ஒரு பவர்பாயின்ட், 'நீங்களும் அப்துல் கலாம் ஆகலாம்' என்று ஒரு முடிவுரை, குரூப் போட்டோ. வந்தவர் பெரியவராகவும், அந்தப் பள்ளியில் தினமும் நிற்கிற ஆசிரியர் சின்னவராகவும் ஆகிவிடுகிற ஒரு மணி நேரம். இது நடந்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது அறிவியலை இல்லை. 'தெரிந்தவர்கள் வேறு ஜாதி, நம் சார் வேறு ஜாதி' என்பதைத்தான்.

ஆராய்ச்சி செய்கிற தம்பி தங்கைகளே, பத்துப் பள்ளிக்கு ஒரு தடவை போகாதீர்கள். ஒரு பள்ளிக்குப் பத்துத் தடவை போங்கள். வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஆசிரியரோடு உட்காருங்கள். அந்தப் பிள்ளைகளில் யாருக்கு என்ன புரியும் என்ற ஆராய்ச்சியில் அவர்தான் டாக்டர், நீங்கள் மாணவர். உங்கள் வெற்றியைவிட, நாலு மாதம் வேலை செய்தும் வராமல் போன சோதனையைப் பற்றிப் பேசுங்கள். முக்கியமாக, தெரியாது என்று சொன்னால் அடுத்த முறை தேடிக்கொண்டு போங்கள். தேடாத 'தெரியாது' வெறும் சோம்பேறித்தனம். தேடப் போகிற 'தெரியாது'தான் அறிவியல்.

* * *

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். கட்டுரைக்காக இல்லை. வானம் ஏன் ஊதாவாக இல்லை என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெண் இயற்பியல் துறை நண்பர்களைக் கேட்டு, படித்துக்கொண்டு வந்திருந்தார். பையன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. 450 நானோமீட்டர் நீலத்தோடு ஒப்பிட்டால் 400 நானோமீட்டர் ஊதா ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகவே சிதறுகிறது. ஆனால் சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு நீலத்தைவிடக் குறைவு. வருகிற வழியில் மேல் வளிமண்டலத்தில் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கண்ணில் நிறம் உணர்கிற மூன்று வகை செல்களுக்கு ஊதா சரியாகப் பிடிபடாது. மேலிருந்து வருகிற கலவையை மூளை 'நீலம்' என்று படித்துக்கொள்கிறது. போர்டில் பிள்ளைகள் எழுதிய மூன்று யூகத்திலும் உண்மை இருந்தது! மூன்றாவதாகச் சொன்ன அந்தக் குட்டிப் பெண் டெஸ்க்கில் தாளம் போட்டாள்.

அன்றைய விசேஷம் அது இல்லை. அறிவியல் சார், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் டார்ச் லைட்டும் கொஞ்சம் பாலும் கொண்டுவந்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்த்தாராம். தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, ஜன்னலை மூடிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தார். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம். நேர் எதிரே நின்று பார்த்தால் சாயங்காலச் சூரியன் மாதிரி ஆரஞ்சு. பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

விளக்கைப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: ''இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறேன். ஊதா ஏன் இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல. அன்னிக்கு இவன் கேட்டப்போ எனக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரலை. அதான் உக்கார்றான்னு சொல்லிட்டேன்.''

வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. விசில் இல்லை. அந்த அறையில் அவருடைய மரியாதை ஒரு அங்குலம் கூடியதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது நம்ம பையன் மறுபடி எழுந்தான். ''சார், நம்ம கண்ணுக்குத்தான் ஊதா சரியாத் தெரியலைன்னா... தேனீக்கெல்லாம் ஊதாவுக்கும் அந்தாண்டை தெரியும்னு அக்கா போன வாட்டி சொன்னாங்களே. அப்போ தேனீக்கு வானம் என்ன கலர்ல இருக்கும்?''

சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் சாரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, கடைசி பெஞ்ச்சில் இருந்த என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்று, முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்த இரண்டே வார்த்தைகளைச் சொன்னேன்.

''தெரியாது, தம்பி.''